இலிப்போசோம் ஊட்டப்பொருள்களைச் சோதிக்கும் வகை

உண்பது வேறு; உண்டது உடலிற் சேர்வது வேறு. வாயிலிட்ட பொருள் முழுவதும் குருதியை அடைவதில்லை. குருதியை அடைந்தது முழுவதும் உடலுக்குப் பயன்படுவதுமில்லை. ஊட்டப்பொருள்களைப் பற்றி ஆராயப் புகுவோர் முதற்கண் மனத்திற் கொள்ளவேண்டிய வேறுபாடு இதுவேயாகும்.

இக்காலத்து மருந்துச்சாலைகளிலே விற்றமின்களும் இரும்புச்சத்தும் மஞ்சளினின்று பிரித்தெடுத்த சத்தும் பல்வேறு புட்டிகளில் அடைக்கப்பெற்று விற்பனையாகின்றன. அவற்றுட் சிலவற்றின் மேலுறையிலே 'இலிப்போசோம்' என்னுஞ் சொல் பொறிக்கப்பட்டிருக்கக் காண்கின்றோம். அச்சொல்லைத் தாங்கிய புட்டியின் விலை, தாங்காத புட்டியின் விலையினும் பெரிதும் மிக்கிருத்தல் வழக்கம். அம்மிகை விலைக்கு ஈடாக வாங்குவோன் பெறுவது யாது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடையைச் சுருங்கக் கூறின், அவ்வொரு சொல் நான்கு கூற்றுக்களைத் தன்னுள் அடக்கி நிற்கின்றது: புட்டியினுள்ளே இலிப்போசோம் உண்டு என்பது ஒன்று, அது சமிபாட்டுக்குத் தாக்குப்பிடிக்கும் என்பது இரண்டு, அதனாற் குருதியிற் சேரும் அளவு மிகும் என்பது மூன்று, அம்மிகுதியால் உடல் நலம் பெறும் என்பது நான்கு. இந்நான்கனுள் ஒன்றை மெய்ப்பித்தவர் மற்றொன்றை மெய்ப்பித்தவராகார்.

இனி, இலிப்போசோம் என்பது யாதென நோக்குவாம். முட்டையின் மஞ்சட்கருவிலும் சோயா அவரையிலும் இலெசிதின் என்னும் ஒருவகைக் கொழுப்புப்பொருள் உண்டு. பிரான்சு தேசத்து மருந்தியலாளராகிய கோப்ளி என்பார் மஞ்சட்கருவினின்று அதனைப் பிரித்தெடுத்து, மஞ்சட்கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டே 1850 இல் அதற்குப் பெயரிட்டார். இலெசிதினின் பெரும்பகுதி பொசுபோலிப்பிட்டு எனப்படும் மூலக்கூறுகளால் ஆயது. இம்மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் இரு வால்களும் உள. தலை நீரை நாடுவது. வால்கள் நீரை வெறுப்பன. இத்தகைய மூலக்கூறுகளை நீரிலிட்டாற் செய்வதென்ன? வாலோடு வாலை எதிர்நோக்க வைத்து, தலைகளை இருபுறத்தும் நீரை நோக்கி நிறுத்தி, ஈரடுக்கான மென்சவ்வாகத் தாமே அணிவகுத்துக் கொள்கின்றன. அச்சவ்வின் விளிம்புகளும் நீரை வெறுத்தலால், அது வளைந்து மூடிச் சிறு பையாகிவிடுகின்றது. பையினுள்ளே ஒருதுளி நீர் சிறைப்படுகின்றது. அந்நீரிலே கரைந்திருந்த பொருளும் உடன் சிறைப்படுகின்றது. இப்பையே இலிப்போசோம். சவ்வின் தடிப்பு ஏறத்தாழ 5 நானோமீற்றர். நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்துலட்சத்திலொரு பங்கு. நம் உடலின் ஒவ்வொரு கலத்தையும் போர்த்திருக்கும் சவ்வும் இதே அமைப்பினதே.

இங்கிலாந்திலே கேம்பிரிட்சுக்கு அண்மையிலுள்ள பாபிரகாமில் விலங்கு உடற்றொழிலியல் நிறுவனத்திற் பணியாற்றிய அலெக் பாங்கம் என்பவர், இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு, ஓண் என்பவரோடு இப்பைகளின் உருவத்தை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1964 இல் வெளிவந்தது. அவர்தம் நண்பர்கள் விளையாட்டாக 'பாங்கோசோம்' என வழங்கிய அப்பைகளுக்கு, 'கொழுப்புடல்' எனப் பொருள்படும் இலிப்போசோம் என்னும் பெயரை 1968 இல் அளித்தவர் அமெரிக்கராகிய சேரல்டு வைசுமன் ஆவர். பாங்கம் நாடியது மருந்தன்று. கலத்தின் சவ்வினூடே சோடியமும் பொற்றாசியமும் எங்ஙனம் கடக்கின்றன என்பதை அறிய ஒரு மாதிரியே அவர் வேண்டியது. அதனை மருந்து சுமக்கும் கலமாகப் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் 1970 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கிரிகோரியாடிசு முதலியோரால் வளர்க்கப்பட்டது. புற்றுநோய்க்கு வழங்கும் தொட்சோரூபிசின் என்னும் மருந்து இலிப்போசோமில் அடைக்கப்பெற்று, 1995 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அம்மருந்து இருதயத்துக்கு விளைக்கும் ஊறு இவ்வுறையினாற் குறைந்தது. பூஞ்சண நோய்க்கும் காலா அசார் என்னும் காய்ச்சலுக்கும் கொடுக்கப்படும் அம்பொதெரிசின் என்னும் மருந்தும் இவ்வாறே உறையிடப்பெற்று, சிறுநீரகத்துக்கு விளைக்கும் தீங்கு குறையப்பெற்றது.

இவ்வெற்றிகளை ஊட்டப்பொருள் விற்போர் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். ஆயின் ஈண்டு ஒரு பெரிய வேறுபாடு கருதத்தக்கது. மேற்கூறிய மருந்துகள் ஊசிவழியாக நேரே நாளத்துட் செலுத்தப்படுவன. ஊட்டப்பொருளோ வாய்வழியாக விழுங்கப்படுவது. நாளத்துட் புகுந்த பை இரைப்பையைக் காண்பதில்லை, பித்தநீரைக் காண்பதில்லை. விழுங்கப்பட்ட பை இரண்டையுங் கடந்தே ஆகவேண்டும். ஆதலின், முன்னதன் வெற்றி பின்னதற்குச் சான்றாகாது.

விற்றமின் சீயை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவாம். விற்றமின் சீ நீரில் எளிதிற் கரைவது. அதனைச் சிறுகுடற் கலங்களுட் கொண்டு சேர்ப்பவை அதற்கென்றே அமைந்த புரதங்கள். ஓடக்காரர் சிலரே உள்ள துறையிற் பயணிகள் பெருகினாற் பலர் கரையிலே நின்றுவிடுவது போல, விழுங்கும் அளவு பெருகப் பெருக, ஏற்கப்படும் பங்கு குறைகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த மார்க்கு இலெவைன் என்பாரும் அவர் துணைவரும் நலமுள்ள 7 இளைஞர்களைக்கொண்டு நிகழ்த்தி 1996 இல் வெளியிட்ட ஆய்வு இதனை எண்களாற் காட்டிற்று. ஒருமுறை கொடுத்த 200 மில்லிகிராம் முற்றாக ஏற்கப்பட்டது. 500 மில்லிகிராமிலும் அதற்கு மேற்பட்ட அளவுகளிலும் ஏற்கப்படும் பங்கு குறைந்தது. ஏற்கப்பட்டதும் சிறுநீரோடு வெளியேறிற்று. நாடோறும் 1000 மில்லிகிராம் உண்டபோது குருதிநீரின் செறிவு தன் உச்சத்தை அடைந்து நின்றது. எனவே, இவ்விற்றமினுக்கு உடலில் இரு தடைகள் உள: ஒன்று குடலிலே, மற்றொன்று சிறுநீரகத்திலே. இலிப்போசோம் தாண்டமுயல்வது முதலாவது தடையை மாத்திரமே. சிறுநீரகம் தன் தொழிலைச் செய்துகொண்டேயிருக்கும்.

இத்தகைய பொருளொன்றைச் சோதிக்கும் வகையை இனி முறையே காண்பாம்.

முதலாவது, புட்டியினுள்ளே பை உண்டா என்பது. இலெசிதினையும் விற்றமினையும் நீரிற் கலந்து குலுக்கினாற் பால்போன்ற ஒரு கலவை உண்டாகும். நகைகளைத் துலக்கும் செவியுணரா ஒலிக்கருவியிலே இவற்றையிட்டு வீட்டிலேயே இலிப்போசோம் ஆக்கலாம் எனக் கூறுவாரும் உளர். ஆயின் பால்போல் வெளுத்திருப்பது பையுண்மைக்குச் சான்றன்று. நீரில் எண்ணெய்த்துளிகள் மிதக்கும் குழம்பும் அவ்வாறே வெளுத்திருக்கும். ஒளிக்கதிர் சிதறும் பாங்கைக்கொண்டு துகள்களின் பருமனை அளக்கும் கருவி ஆய்வுகூடங்களில் உண்டு. அது பருமனைக் கூறுமேயன்றி, அத்துகள் நீரை உள்ளடக்கிய பையோ திண்ணிய கொழுப்புத்துளியோ என்பதைக் கூறாது. அதனை அறியக் கலவையைக் கணப்பொழுதில் உறையச்செய்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியினாற் படம் பிடித்தல் வேண்டும். ஈரடுக்குச் சவ்வு அப்படத்தில் வளையமாய்த் தோன்றும்.

பை உண்டென்று கண்டபின்னரும், பொருள் பையினுள்ளே உள்ளதோ புறத்தே உள்ளதோ என்னும் வினா எழும். பைகளையும் புறநீரையும் வேறுபிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள விற்றமினை அளந்து, உள்ளடங்கிய பங்கு நூற்றுக்கு எத்துணை என்று கணிப்பர். மேலுறையில் 1000 மில்லிகிராம் என்றிருக்க, உள்ளடங்கியது நூற்றுக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது 300 மில்லிகிராமே உறையிட்டது. எஞ்சிய 700 மில்லிகிராம் சாதாரண விற்றமினே. வாங்குவோனோ ஆயிரத்துக்கும் உறைவிலை கொடுத்தவனாவான். இவ்வளவீட்டைப் புட்டி நிரப்பிய நாளிற் செய்து விடுதலும் போதாது. பைகள் நாட்செல்லக் கசியும். ஒன்றோடொன்று கூடிப் பெருக்கும். அவற்றின் கொழுப்பு காற்றினால் ஒட்சியேற்றமடைந்து கெடும். வெப்பம் இம்மாற்றங்களை விரைவுபடுத்தும். ஆதலின், புட்டி விற்பனைத்தட்டில் இருக்கக்கூடிய முழுக்காலத்துக்கும், அவ்விடத்து நிலவும் வெப்பநிலையிலே, இவ்வளவீட்டை மீண்டும் மீண்டும் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, சமிபாட்டைப் பை தாங்குமா என்பது. இரைப்பையின் அமிலத்தினும் சிறுகுடலே இப்பைகளுக்குக் கொடிய பகைவன். பித்தவுப்புக்களின் தொழிலே கொழுப்பைச் சிதைத்துக் கரைத்தலாகும். கணையத்தினின்று வரும் நொதியமொன்று பொசுபோலிப்பிட்டின் ஒரு வாலை அறுத்துவிடுகின்றது. கொழுப்பாலாய பையொன்றை, கொழுப்பைக் கரைத்தற்கென்றே அமைந்த இடத்திற் செலுத்துகின்றோம் என்பதை மறத்தலாகாது. கொலசுத்தரோலைச் சேர்த்தும், நிரம்பிய கொழுப்பமில வால்களையுடைய பொசுபோலிப்பிட்டுக்களைத் தேர்ந்தும் சவ்வை இறுக்கமாக்க முயல்வர்.

இதனைக் கண்ணாடிக்கலத்திலே சோதிக்கலாம். பல நாட்டு ஆய்வாளர் கூடி 2014 இல் வெளியிட்டு, 2019 இல் திருத்திய இன்போசெசுற்று என்னும் பொதுமுறை ஒன்றுண்டு. அதன்படி, 37 பாகை வெப்பத்திலே, அமிலத்தன்மை 3 என்னும் பீ.எச். அளவுள்ள செயற்கை இரைப்பைநீரில் 2 மணிநேரமும், பித்தவுப்பும் கணையநொதியங்களும் கலந்த பீ.எச். 7 அளவுள்ள குடல்நீரில் 2 மணிநேரமும் பொருளை வைத்து, பைகளுள் எத்துணை எஞ்சின என நோக்குவர். பின்னர், மனிதக் குடற்புற்றினின்று பெற்று வளர்க்கப்படும் காக்கோ-2 என்னும் கலங்களை ஏறத்தாழ 21 நாள் ஒரு வடியின்மேல் வளர்த்து, அப்படலத்தினூடே பொருள் கடக்கின்றதா என்றும் ஆராய்வர். இச்சோதனைகள் விரைவானவை, செலவு குறைந்தவை, தகாதவற்றை முன்னரே கழித்துவிட உதவுபவை. ஆயினும் கலப்படலம் குடலாகாது. சளிப்படையும் குருதியோட்டமும் முன்னுண்ட உணவும் அங்கில்லை. ஆகையால், அங்கே தவறியதைத் தள்ளலாமேயன்றி, அங்கே தேறியதைக் கொண்டாடலாகாது.

ஈண்டு மற்றொரு நுட்பமும் உண்டு. பை சிதைந்தாற் பயன் முழுவதும் சிதைந்தது என்று கூறவியலாது. விற்றமின் டீ, மஞ்சளின் குர்க்குமின் முதலியன நீரிற் கரையாப் பொருள்கள். பை சிதைந்தபோது அதன் கொழுப்பும் பித்தவுப்பும் கூடி ஆக்கும் நுண்டிரள்கள் இத்தகைய பொருள்களைத் தாங்கிக் குடற்சுவர்வரை கொண்டுசெல்லும். விற்றமின் சீக்கு அந்த உதவி வேண்டுவதில்லை. அது தானே நீரிற் கரைவது. ஆதலின், ஒரு பொருளிற் கண்ட பயனை மற்றொரு பொருளின் புட்டியில் எழுதுதல் முறையாகாது.

மூன்றாவது, குருதியிற் சேரும் அளவு மிகுமா என்பது. இதற்கு மனிதரிடத்தே நிகழும் சோதனை இன்றியமையாதது. அதன் முறை இது: அதே மனிதர் ஒருநாள் உறையிட்ட பொருளையும், இடைக்காலம் சென்றபின் மற்றொருநாள் அதே அளவு உறையிடாத பொருளையும் உண்பர். எது எந்நாளில் என்பது உண்போர்க்கும் அளப்போர்க்கும் மறைக்கப்படும். மணிதோறும் குருதியெடுத்து, செறிவு ஏறி இறங்கும் கோட்டை வரைந்து, அக்கோட்டின்கீழ் அடங்கும் பரப்பை ஒப்பிடுவர். ஒப்பிடும் பொருள் எது என்பதே ஈண்டு உயிர்நிலை. ஒன்றும் உண்ணாமையோடு ஒப்பிட்டால் எப்பொருளும் வெல்லும். வெறும் பொருளையும் வெறும் இலிப்போசோமையும் சேர்த்துக் கொடுத்து அதனோடு ஒப்பிட்டாலன்றி, உறையினால் வந்த பயன் இது, உடனுண்ட கொழுப்பினால் வந்த பயன் இது எனப் பிரித்தறிதல் இயலாது.

விழுக்காட்டுக் கணக்கும் மயக்கந் தரவல்லது. பெங்களூரில் நிகழ்ந்து 1998 இல் வெளிவந்த ஆய்வொன்றில், 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் சத்தாகிய பைப்பெரின் 20 மில்லிகிராம் சேர்த்துண்ட போது, குருதியிற் குர்க்குமின் 2000 விழுக்காடு மிக்கது எனக் கண்டனர். அங்கே இலிப்போசோம் இல்லை; எனினும் படிப்பினை ஒன்றே. தனியே உண்ட குர்க்குமின் குருதியிற் காணப்படாத அளவினதாக அல்லது மிகச் சொற்பமாகவே இருந்தது. இன்மையை அடுத்த ஒன்றைப் பன்மடங்காக்கினும் சிறுமை சிறுமையே. எனவே, எத்தனை மடங்கு என்று கேட்பதோடமையாது, எத்துணை அளவு என்றும் கேட்டல் வேண்டும்.

விற்றமின் சீயைப் பொறுத்தவரை, கொலராடோ அரசு பல்கலைக்கழகத்தார் 2016 இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. 11 பேர் வெவ்வேறு நாட்களில் 4 கிராம் விற்றமினை உறையின்றி வாய்வழியாகவும், இலிப்போசோமில் வாய்வழியாகவும், நாளத்தினூடாகவும் பெற்றனர். ஒருநாள் விற்றமினில்லாப் போலிப்பொருளைப் பெற்றனர். இலிப்போசோமிற் பெற்றபோது குருதியின் செறிவு உறையின்றிப் பெற்றதிலும் மிகுந்தும், நாளத்தினூடாகப் பெற்றதிலும் குறைந்தும் இருந்தது. ஆகவே, மூன்றாவது கூற்றுக்கு ஓரளவு ஆதரவு உண்டென்க. ஆயின் அவ்வாய்வு அங்கே நின்றுவிடவில்லை. குருதியோட்டம் தடைப்பட்டு மீளும்போது விளையும் ஒட்சியேற்ற ஊற்றை விற்றமின் எவ்வளவு தணிக்கின்றது என்றும் அளந்தனர். மூவகையிலும் தணிப்பு ஒத்ததாகவே இருந்தது. செறிவு வேறுபட்டது, பயன் வேறுபடவில்லை. பதினொருவரைக்கொண்ட சிறிய ஆய்வாயினும், மூன்றாவது கூற்றுக்கும் நான்காவது கூற்றுக்கும் இடையிலுள்ள அகழியை இது தெளிவாகக் காட்டுகின்றது.

நான்காவது கூற்றாகிய நலத்தைச் சோதிக்க வழிகாட்டியவர் யாவரெனின், இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த ஒரு கப்பல் மருத்துவரைக் கூறலாம். 1747 இல் சோல்சுபரி என்னும் கப்பலிலே, சேம்சு இலிண்டு என்பார் கசிவுநோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்தார். தோடம்பழமும் தேசிப்பழமும் உண்ட இருவரே விரைந்து தேறினர். விற்றமின் என்னும் சொல்லே அன்று பிறக்கவில்லை. குருதியின் செறிவை அளக்க அவருக்கு வகையுமில்லை. நோயாளி எழுந்து நடந்தானா என்பதையே அவர் நோக்கினார். இன்று கருவிகள் பெருகியபின் நாம் செறிவை அளந்து மகிழ்ந்து, நோயாளியை நோக்க மறந்துவிடல் தகுமா? இரும்புச்சத்தாயின் குருதிச்சோகையுற்றவரின் ஈமோகுளோபின் உயர்ந்ததா, சாதாரண இரும்பு மாத்திரை உண்டவரினும் வயிற்றுத்தொல்லை குறைந்ததா என்பனவே கேட்கத்தக்க வினாக்கள்.

மிகுதியாகச் சேர்தல் எப்பொழுதும் நன்மையே என எண்ணுதலும் தவறு. இரும்பை வேண்டிய அளவில் வெளியேற்றும் வழி மனிதவுடலுக்கு இல்லை. எவ்வளவு உட்கொள்வது என்பதைக் குடலே காவலிருந்து தீர்மானிக்கின்றது. விற்றமின் டீ மிகுந்தாற் குருதியிற் கல்சியம் மிகும். விற்றமின் சீ மிகுந்தாற் சிலருக்குச் சிறுநீரகத்திற் கல் தோன்ற ஏதுவுண்டு. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் என 2000 இல் அமெரிக்க மருத்துவக் கழகம் விதித்த உச்சவரம்பு, சாதாரண வடிவத்தை உண்போரின் அநுபவத்தைக்கொண்டு விதித்ததாகும். குடலின் காவலைத் தாண்டுவதே ஒரு பொருளின் பெருமையாயின், அக்காவலை நம்பி வகுத்த வரம்புகளையும் மீண்டும் சோதித்தல் கடனாகும்.

இச்சோதனைகளை யார் செய்விப்பது? இலிப்போசோம் மருந்தாயின், பைகளின் பருமன், உள்ளடங்கிய பங்கு, கசிவு முதலியவற்றை ஆக்குவோர் காட்டவேண்டும் என்று ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி வேண்டுகின்றது. ஊட்டப்பொருளாயின், 1994 ஆம் ஆண்டின் சட்டப்படி, விற்பனைக்கு முன் பயனை மெய்ப்பித்து ஒப்புதல் பெறவேண்டும் என்னும் நியதி அந்நாட்டில் இல்லை. ஒரே பை, ஒரே கொழுப்பு. மருந்தென்றால் நான்கு வாயில்களிலும் காவல், ஊட்டமென்றாற் கதவு திறந்தே கிடக்கின்றது. ஆகவே வாங்குவோனே காவலனாதல் வேண்டும். உள்ளடங்கிய பங்கு எத்துணை? சமிபாட்டின்பின் எஞ்சியது எத்துணை? எதனோடு ஒப்பிட்டு, எத்தனைபேரிடம் சோதித்தீர்? அவர்கள் பெற்ற நலம் யாது? இந்நான்கு வினாக்களுக்கும் மேலுறையில் விடை இல்லையெனின், அச்சொல்லுக்கு விலைகொடுத்தல் அறிவுடைமையாகாது.

இவ்வாறு கூறுதலால் இலிப்போசோமை இகழ்ந்தோம் எனக் கருதற்க. குடல்நோயினால் உணவின் சத்தை ஏற்கமாட்டாதவர்க்கும், இரும்பு மாத்திரையைத் தாங்கமாட்டாத கருவுற்ற மகளிர்க்கும், இத்தகைய உறை உண்மையிலேயே பயன்படுமாயின் அது பெரும்பேறாகும். அவர்களுக்காகவே சோதனை செவ்விதாக நிகழவேண்டும். சோதியாத புட்டியை நம்பி அவர்கள் இழக்கும் பொழுது மீளாதது. நலமுடைய ஏனையோர்க்கோ, 100 கிராம் கொய்யாப்பழத்திலே ஏறக்குறைய 200 மில்லிகிராம் விற்றமின் சீ உண்டு. ஏழு இளைஞரின் உடலில் மிச்சமின்றிச் சேர்ந்ததாக இலெவைன் கண்ட அளவும் அதுவே. அவ்வளவுக்கு உறை எதுவும் வேண்டுவதில்லை.